பொறி லைசென்ஸ் வாங்கப் போன ஓஸ்மோ

அண்ணனைப் புதைத்துவிட்டு வந்த அன்றைக்கே ஓஸ்மோ ஒரு வைராக்கியம் பூண்டுவிட்டார். வரப்போகும் குளிர்காலத்தைக் காட்டில் தனியாகக் கழிப்பது. முழுக் குளிர்காலத்தையும். பக்கத்தில் ஒரு ஆள் இல்லாமல். குறிப்பாக, ஒரு குறிப்பிட்ட ஆள் இல்லாமல்.

அந்தக் குறிப்பிட்ட ஆள் அடுப்பங்கரையில் நின்று, சாவுக்கு வந்தவர்கள் தின்றது போக மிஞ்சிய ஏலக்காய் ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். பெயர் ஹில்க்கா. ஓஸ்மோவுக்குக் கழுத்தை நீட்டி முப்பத்தோரு வருஷம் ஆகிறது.

ஓஸ்மோவைக் குறை சொல்லி என்ன பயன்? போன வசந்தத்தில் அவர் வேலை பார்த்த காகித ஆலையை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து மனிதர் வீட்டோடு கிடக்கிறார். அவர் உட்காரும் இடத்தைத்தான் ஹில்க்கா அந்த நிமிஷம் துடைத்தாக வேண்டும். நின்றால் வெளிச்சத்தை மறைக்கிறார். இருமினால், "அதை வெளியில போய் இருமக் கூடாதா?" வெளியில் போனால் ஈரப் பனி. நவம்பர் வந்தால் சாயங்காலம் அஞ்சு மணிக்கே இருட்டு வந்து ஜன்னலில் ஒட்டிக்கொள்ளும் ஊர் அது. நிப்பிகன் ஏரிப் பக்கத்தில் அந்த மாதத்தில் யாருமே சிரிப்பதில்லை. ஓஸ்மோ பிறந்ததே நவம்பரில்தான்.

அண்ணன் லாவ்ரி கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஏரிக்கு வடக்கே அவருக்கு முப்பது மைல் நீளத்துக்குப் பொறித்தடம் இருந்தது. அந்தத் தடத்தில் பொறி வைத்து மார்ட்டன், மிங்க், பீவர் என்று மயிர்த்தோல் விலங்குகளைப் பிடிக்கும் உரிமை அவர் ஒருவருக்குத்தான். தடத்தின் நடுவில் ஒரு மரக்குடில். லைசென்ஸ் அண்ணன் பேரில். ஓஸ்மோ வெறும் உதவியாள். உதவியாளுக்குப் பரீட்சை கிடையாது. லைசென்ஸ்காரர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

இருபத்தாறு குளிர்காலம் சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்பினார்கள். அண்ணன் பொறி வைப்பார். ஓஸ்மோ விறகு வெட்டுவார், காப்பி போடுவார். ஊருக்குள் வந்ததும் எல்லாப் பொறியையும் தானே வைத்த மாதிரி பேசுவார். போக வர இரண்டு நாளில் அண்ணனும் தம்பியும் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். ஓஸ்மோவின் வாழ்க்கையிலேயே மனசுக்கு நிறைவான பேச்சு அதுதான். இப்போது அதுவும் போய்விட்டது.

வனத்துறை அலுவலகத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். நவம்பர் முப்பதுக்குள் குடும்பத்தில் யாராவது பயிற்சி முடித்து, பரீட்சையில் தேறி, லைசென்ஸ் எடுத்தால் தடம் அவர்களுக்கு. இல்லாவிட்டால் குடிலோடு சேர்த்து, வரிசையில் காத்திருக்கும் வேறு யாருக்கோ.

"ஹில்க்கா, அண்ணன் தடத்தை விட்டுடக் கூடாது. அது நம்ம குடும்பச் சொத்து."

"விடுவானேன்? எடுங்க."

"குளிர் முடியறவரைக்கும் நான் அங்கேயே தங்க வேண்டியிருக்கும்."

"தங்குங்க."

"மூணு மாசம்."

"மூணே மாசந்தானா?"

ஓஸ்மோவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் காரியம் பெரிது என்று விழுங்கிக்கொண்டார்.

அடுத்த கண்டம் புத்தகம். வனத்துறை கொடுத்தது செங்கல் கனத்துக்கு ஒன்று, முழுக்க ஆங்கிலத்தில். வீட்டில் பேசுவது தாய்மொழி; ஓஸ்மோவுக்குத் தெரிந்தது ஆலை ஆங்கிலம். இயந்திரத்தைத் திட்டலாம், படிக்க முடியாது. ஹில்க்கா தபால் ஆபீஸில் இருபது வருஷம் வேலை பார்த்தவள். ஊரார் கடிதத்தைக்கூட வெளியிலிருந்தே படித்துவிடுவாள் என்று பேச்சு. ஆகவே தினமும் சாயங்காலக் காப்பி முடிந்ததும் அவள் உரக்கப் படிக்க, அவர் கண்ணை மூடிக் கேட்பது என்று ஏற்பாடு.

"தூங்கறீங்களா?"

"இல்லடி. மனசுல வாங்கிக்கறேன்."

"மனசுல வாங்கறதுக்கு இவ்வளவு குறட்டையா?"

"ஆழமா வாங்கறேன்."

"மிங்க்குக்குப் பொறியை எங்க வைக்கணும்? சொல்லுங்க பாப்போம்."

"மிங்க் வர்ற இடத்துல."

ஹில்க்கா ஒரு பெருமூச்சு விட்டுப் பக்கத்தைத் திருப்பினாள். அவர் தூங்கிப்போன பிறகும் அவள் குரல் நிற்கவில்லை என்பதை ஓஸ்மோ கவனித்திருக்க வேண்டும். தூங்குகிறவர் எப்படிக் கவனிப்பார்?

சனிக்கிழமை பக்கத்து வீட்டு ரெய்யோவோடு சவுனா என்ற நீராவிக் குளியலறையில் உட்கார்ந்தபோது ஓஸ்மோவுக்கு உடம்போடு நெஞ்சும் இளகிவிட்டது.

"மூணு மாசம்டா ரெய்யோ! ஒரு பேச்சு இல்ல. ஒரு 'காலைத் தூக்குங்க' இல்ல. நானும் அடுப்பும்."

"அண்ணி ஒத்துக்கிட்டாங்களாண்ணே?"

"அவளுக்கு என்ன தெரியும்? குடும்பச் சொத்துன்னு அடிச்சு விட்டிருக்கேன். நம்பிட்டா."

ரெய்யோ சூட்டுக் கல்லில் தண்ணீரை ஊற்றினான். நல்லவன்தான். என்ன, பெண்டாட்டியிடம் எதையும் மறைக்கத் தெரியாது. அவன் பெண்டாட்டியும் ஹில்க்காவும் வியாழக்கிழமைதோறும் ஒரே தறியில் கந்தல் துணியில் விரிப்பு நெய்கிறவர்கள். ஆவி அடங்குவதற்குள் ஓஸ்மோ இதை யோசித்திருக்கலாம்.

பயிற்சி நாலு நாள், நகரத்து ஹாலில். சறுக்கும் பனியில் வண்டியை ஹில்க்காதான் ஓட்டினாள். முதல் நாள் ஓஸ்மோ திரும்பிப் பார்த்தால், கடைசி வரிசையில் நோட்டும் பென்சிலுமாக அவள்.

"நீ இங்க என்னடி பண்றே?"

"வண்டியிலேயே உக்காந்து விறைச்சுப் போகச் சொல்றீங்களா? பேரைப் பதிஞ்சா உள்ள உக்காரலாம்னாங்க. பதிஞ்சேன்."

நியாயமாகத்தான் பட்டது. ஓஸ்மோ முன்னால் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

எழுத்துப் பரீட்சையில் ஓஸ்மோ மயிரிழையில் தப்பினார். பக்கத்தில் இருந்தவர் கை விடைத்தாளை மறைக்காமல் கொஞ்சம் விலகியே இருந்தது. பிறகு செய்முறை. வாத்தியார் டூசெட் என்ற ஒடிசலான மனிதர், ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு செத்த மார்ட்டனையும் ஒரு கத்தியையும் வைத்தார்.

"தோலை உரிச்சு, காய வைக்கற பலகையில ஏத்துங்க."

ஓஸ்மோவின் கை அப்படியே நின்றுவிட்டது.

இருபத்தாறு வருஷமும் நடந்தது இதுதான்: ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் தம்பியும் மூட்டையைக் கொண்டுவந்து சமையல் மேசையில் கொட்டுவார்கள். பிறகு இருவரும் சவுனாவுக்குப் போய்விடுவார்கள். திரும்பி வந்தால் மேசை சுத்தமாக இருக்கும், மீன் சூப் கொதித்துக்கொண்டிருக்கும், தோல்கள் பலகைகளில் ஏறிச் சுவரோரம் நிற்கும். நடுவில் என்ன நடந்தது என்று ஓஸ்மோ ஒரு நாளும் கேட்டதில்லை. அது பாட்டுக்கு நடக்கும் என்றுதான் நினைத்திருந்தார்.

கண்ணை இறுக்கி மூடி யோசித்தார். சுவரில் வட்டமாக விரித்து அடித்த தோல் ஒன்று ஞாபகம் வந்தது. தைரியமும் வந்தது. மார்ட்டனை மல்லாத்தி, தாடையிலிருந்து வால் வரை வயிற்றோடு ஒரே கீறாகக் கீறி, இரண்டு பக்கமும் விரித்தார்.

வட்டமாக விரித்து அடிப்பது பீவர் தோலை. மார்ட்டனைப் பின்னங்கால்களுக்கு நடுவில் மட்டும் கீறி, காலுறையைக் கழற்றுகிற மாதிரி முழுசாக உருவ வேண்டும். வயிற்றைக் கிழித்த மார்ட்டன் தோலை எந்த வியாபாரியும் கையால் தொடமாட்டான்.

"இது என்னங்க, பீவரா?" என்றார் டூசெட்.

"மார்ட்டன்."

"மார்ட்டனா இருந்துச்சு."

கடைசி வரிசையில் ஹில்க்கா முழங்கைவரை சட்டையைச் சுருட்டினாள். பதினோரு நிமிஷம். தோல் ஒரு பொத்தல் இல்லாமல் உருவிக்கொண்டு வந்தது. வாத்தியார் மற்றவர்களைக் கூப்பிட்டு நிறுத்திக் காட்டினார்.

"எங்க கத்துக்கிட்டீங்கம்மா?"

"சமையக்கட்டுல," என்றாள் ஹில்க்கா.

ஓஸ்மோ தேறவில்லை. ஹில்க்கா அந்த வகுப்பிலேயே முதல். அதே வாரம் தடம் அவள் பேருக்கு மாறியது.

அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஓஸ்மோ ஜன்னல் வழியே பனியையே பார்த்துக்கொண்டு வந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் வாசலில் வண்டி நிற்பதற்குள் அவருக்கே ஒரு தெம்பு வந்துவிட்டது. லைசென்ஸ் யார் பேரில் இருந்தால் என்ன? போகப்போவது அவர்தானே? வீட்டுக்குள் நுழைந்ததும் அவரே காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். கல்யாணமான புதிதில் செய்தது.

"ஹில்க்கா, உன் பேர்ல இருந்தா என்ன, என் பேர்ல இருந்தா என்ன. ரெண்டும் ஒண்ணுதான். அந்த உதவியாள் தாள்ல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடு. குளிர்ல நான் கஷ்டப்படறேன். நீ வீட்டுல சூடா இரு."

"ஏற்கெனவே போட்டுட்டேனே," என்று தாளை நீட்டினாள்.

உதவியாள்: ஓஸ்மோ. அதுவரை சரி. வேலை: தோல் உரித்தல். இடம்: வீடு, சமையல் மேசை.

ஓஸ்மோ அதை மூன்று தடவை படித்தார்.

"அப்ப பொறி வைக்கக் காட்டுக்கு யாரு போறது?"

"லைசென்ஸ்காரிதான்."

"தனியாவா?"

"பனிவண்டியில பத்து வருஷம் தபால் கொண்டு போனவ நான். மூணு மாசம் தங்கப் போறேன். சனிக்கிழமைதோறும் ரெய்யோ தம்பி வந்து மூட்டையை வாங்கிட்டு வந்து உங்ககிட்ட குடுப்பாரு."

"ஏன்டி இப்படிப் பண்றே?"

ஹில்க்கா காப்பியைக் கீழே வைத்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் ஓஸ்மோவைப் பயமுறுத்தியது.

"இருபத்தாறு வருஷம். மூட்டையைக் கொட்டிட்டு ரெண்டு பேரும் குளிக்கப் போயிடுவீங்க. இந்த மேசையில ரத்தம் தொடச்சவ நான். அந்தக் குடிலு எந்தத் திசை பாத்து நிக்குதுன்னுகூட எனக்குத் தெரியாது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், 'நீயும் வாயேன்'னு யாராச்சும் கேட்டீங்களா?"

ஓஸ்மோ தரையைப் பார்த்தார். கேட்கவில்லைதான். கேட்க வேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை. அண்ணன் செத்த அன்றைக்கு இருந்த வெறுமை இப்போது அந்தச் சமையலறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. மூன்று மாதம், இந்த வீட்டில், யாரும் அதட்டாமல்.

"நான் இங்க யாரோடடி பேசுவேன்?"

"பேச்சே இல்லாம இருந்தா சொர்க்கம்னு ரெய்யோகிட்ட சொன்னீங்களாமே."

கடைசி முயற்சியாக, ஏறக்குறைய அழுகிற குரலில் சொன்னார்:

"எனக்கு மார்ட்டன் உரிக்கத் தெரியாதேடி!"

ஹில்க்கா எழுந்து, தன் கத்தியைத் துடைத்து அவர் கையில் கொடுத்தாள்.

"மார்ச் பரீட்சைக்கு உங்க பேரைப் பதிஞ்சிருக்கேன். அதுக்குள்ள கை பழகிடும்."