விக்கிரமங்கலத்திலிருந்து ஒரு கெட்டிமேளம்

பத்து விநாடியில் முடிகிற வேலையைப் பத்து நாள் இழுத்தடித்துச் செய்கிறவனுக்கு எங்கள் குடும்பத்தில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். இளங்கோ. அது என் சொந்தப் பெயர்தான் என்பதால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை.

எல்லாம் என் மாமன் மகள் கயல்விழியின் கல்யாணத்தில் வந்த வினை. (மாமன் மகள் என்றதும் புருவத்தை உயர்த்த வேண்டாம். அவள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள். என் பத்தாம் வகுப்புக் கணக்கு மார்க்கைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனவள். எங்களுக்குள் காதல் வர எந்த முகாந்திரமும் இல்லை.) அப்போது நான் திருச்சியில் ஏழு மாதம் நெட்வொர்க் படிப்பு படித்துவிட்டு, ஒரு சின்னக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. உலகத்துக் கம்பிகள் எல்லாம் என் கையில்தான் வந்து முடிகின்றன என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம்.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, மாமா டிராக்டரிலிருந்து இறங்குகையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து விக்கிரமங்கலம் வீட்டுக்கு வந்தவரைக் கட்டிலை விட்டு அசையவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை வீடு வேப்பந்தட்டை. மண்டபம் பெரம்பலூரில். தேதியைத் தள்ளி வைக்கலாமா என்று கேட்டவர்களிடம், "ஊரு பூரா பத்திரிக்க வச்சாச்சு. என் ஒத்தக் காலுக்காக அத்தன பேரயும் அலைய வுடச் சொல்றீங்களா" என்று மாமா மறுத்துவிட்டார். தாரை வார்த்துக் கொடுக்கத் தன் தம்பியை நிற்கச் சொன்னார். எல்லோரும் போன பிறகு என்னை மட்டும் பக்கத்தில் கூப்பிட்டார்.

"அவ கழுத்துல தாலி ஏறுறத நான் கண்ணால பாத்துடணும்டா. அதுக்கு எதாச்சும் வழி இருக்கா?"

இந்த இடத்தில் மூளையுள்ள எவனும் "போன்ல வீடியோ கால் போட்டுடலாம் மாமா" என்று சொல்லியிருப்பான். நானோ நாற்பது நாள் அனுபவசாலி. "வீடியோ கால்லாம் நடுவுல நின்னுடும் மாமா. மண்டபத்துக்கும் நம்ம வூட்டுக்கும் நான் தனியா ஒரு டனலே போட்டுத் தரேன்" என்றேன்.

டனல் என்றதும் அவர் அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை நினைத்துக்கொண்டு மிரண்டுபோனார். அவருக்குச் சொன்ன விளக்கத்தை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கடையில் வாங்குகிற ரூட்டர் இல்லாமல், ஒரு பழைய கம்ப்யூட்டரில் அதற்கான மென்பொருளை ஏற்றி அதையே ரூட்டராக்கலாம். இங்கே ஒன்று, அங்கே ஒன்று. இரண்டுக்கும் நடுவே, இருக்கிற இணையத்தின் மேலேயே நமக்கென்று கண்ணுக்குத் தெரியாத ஒரு தனிப் பாதையை அமைப்பதுதான் டனல். நாம் அனுப்பும் கடிதத்தை இன்னொரு கவருக்குள் போட்டு அனுப்புகிற மாதிரி. இதில் ஒரே ஒரு சூட்சுமம் உண்டு. மேல் கவர் போட்டதும் கடிதம் தடித்துவிடும், தபால் பெட்டியின் வாய்க்குள் நுழையாது. அதனால் உள்ளே இருக்கும் கடிதத்தை முதலிலேயே கொஞ்சம் சின்னதாக்கிக்கொள் என்று ரூட்டருக்குச் சொல்ல வேண்டும். ஒரே வரிதான். ஆனால் இரண்டு பக்கத்து ரூட்டரிலும் தட்டியாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை விக்கிரமங்கலத்தில் அந்த வரியை அழகாகத் தட்டினேன். மாமாவின் கட்டிலுக்கு எதிரே டிவி, அதன் மேல் ஒரு கேமரா, தலையணைக்குப் பக்கத்தில் ஒரு மைக். மண்டபத்துக் காட்சி அவர் டிவிக்கு வரும். அவர் முகம் மண்டபத்து மேடைக்கு வலப்பக்கம் இருக்கிற பெரிய எல்.இ.டி. திரைக்குப் போகும், குரல் ஸ்பீக்கருக்குப் போகும். அப்பாவைப் பார்த்துக்கொண்டே கயல் தாலி கட்டிக்கொள்வாள். என் கற்பனையில் கூட்டமே கண் கலங்கி என்னைத் தேடியது.

சனிக்கிழமை மதியம் பெரம்பலூர் மண்டபத்தில் இரண்டாவது ரூட்டரோடு உட்கார்ந்தேன். எல்லாம் முடிந்து அந்த ஒரு வரிதான் பாக்கி. அப்போது மாமாவின் மனைவி, என் அத்தை, பூக்கூடையோடு வந்து நின்றார்.

"மணி ஒன்றர ஆச்சு, எமகண்டம். கைய எடு."

"ஒரே வரி அத்த."

"ஒத்த எழுத்தா இருந்தாலும் மூணு மணிக்கு அப்பறம் எழுதிக்க. உங்க மாமா டிராக்டர்லேந்து எப்ப உளுந்தாருன்னு தெரியுமா? எமகண்டத்துல."

கையை எடுத்தேன். எமகண்டம் மூன்று மணிக்கு முடிந்தது. ஆனால் வாசலில் வாழைமரம் கட்டக் கயிறு வாங்கிவர என்னை இரண்டே முக்காலுக்கே அனுப்பிவிட்டார்கள். கயிறு வாங்கி வந்தேன். அந்த வரி அடியோடு மறந்துபோயிற்று.

சாயங்காலம் சோதனை. ரூட்டர்காரர்கள் முதலில் துண்டுச்சீட்டு மாதிரிச் சின்னதாக ஒன்றை அனுப்பி, "வந்ததா" என்று கேட்பார்கள். போனது, பதிலும் வந்தது. (துண்டுச்சீட்டு எந்தப் பெட்டி வாயிலும் நுழையும் என்பதை அப்போது யார் யோசித்தார்கள்?) விக்கிரமங்கலத்திலிருந்து மாமாவின் முகம் பெரிய திரையில் பளிச்சென்று தெரிந்தது. சமையல்காரர்கள் கரண்டியோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மண்டபத்துக் காட்சி அங்கே போகிறதா என்று பார்க்க வீடியோக்காரர் இன்னும் வந்து சேரவில்லை. இங்கே வந்தது அங்கே போகாமலா இருக்கும் என்று கம்ப்யூட்டரை மூடிவிட்டு பஜ்ஜி சாப்பிடப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். எண்ணூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வலப்பக்கத் திரையில் மாமா, பட்டுத் துண்டும் சந்தனமுமாக, ஆளைவிட நான்கு பங்கு பெரிதாக இருந்தார். துணைக்குப் பக்கத்தில் அவருடைய சிநேகிதர் கலீல் பாய். நான் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன். அப்போது ஸ்பீக்கரில் மாமாவின் குரல் கேட்டது.

"என்னா பாய், டிவில ஒரு வட்டந்தான் சுத்திக்கிட்டே கெடக்கு?"

"வந்துரும்ண்ணே, இன்ஷா அல்லாஹ்."

"எங்கேந்து வரும்? இவன் சின்னப் புள்ளயில நம்ம வூட்டு ரேடியோவ ரிப்பேர் பண்றேன்னு பிரிச்சான். இன்னி வரைக்கும் மாட்டல."

எண்ணூறு பேரும் சிரித்தார்கள். விஷயம் இதுதான். மாமாவின் படமும் குரலும் அளவு குறைந்து ஒழுங்காக இங்கே வந்து சேர்ந்தன. மண்டபத்தின் படமும் சத்தமும் தடித்துப்போய், பெட்டி வாயில் மாட்டிக்கொண்டு, ஒன்றுகூட அங்கே போகவில்லை. அவர் பேசுவது ஊருக்கே கேட்கிறது என்பது அவருக்குத் தெரியாது. என் போனில் கலீல் பாயின் அழைப்பு வந்துகொண்டே இருந்தது. எடுத்தால் தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டுமே என்று எடுக்கவில்லை. (அந்த வீம்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.) ஸ்பீக்கரைக் குறைக்கச் சொல்லி ஓடினேன். மைக்செட்காரர், "அது மேளக்காரர் மைக்கோட சேந்துருக்கு தம்பி, கொறச்சா ரெண்டும் போயிரும்" என்று கையை விரித்தார்.

மாமா விடாமல் பேசினார். "சம்பந்தி வூட்டுக்காரங்க நல்ல மனுசங்க பாய். பொண்ணு பாக்க வந்தன்னிக்கி கேசரி தீஞ்சி போச்சு. ஒரு வார்த்த சொல்லல. அந்த மனுசன் ரெண்டாந்தரம் வேற கேட்டு வாங்கித் தின்னாரு." மேடையில் நின்ற சம்பந்தி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

இந்த நேரத்தில் தாலி மேடையில் இல்லை. தேங்காய்த் தட்டில் வைத்து, பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிக்கக் கூட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. பத்தாவது வரிசையில் ஓர் அம்மாள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார். அங்கே விக்கிரமங்கலத்தில் மாமாவுக்கு வியர்த்தது.

"ஃபேன கொஞ்சம் கூட்டி வைங்க பாய்" என்று வலக்கையைத் தலைக்கு மேலே தூக்கி, ஆள்காட்டி விரலை வேகமாகச் சுற்றிக் காட்டினார்.

கல்யாணத்தில் உயரே ஒரு கை எழும்பி விரல் ஆடினால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேளக்காரர்களுக்கு மேடை தெரியாது, போட்டோக்காரர்களின் முதுகுதான் தெரியும். அவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது எதிரே இருந்த பெரிய திரையும் அதில் ஆள் உயரத்துக்கு எழும்பிய பெண்ணின் அப்பா கையும்தான். தவில் வெடித்தது. நாதஸ்வரம் உச்சிக்குப் போனது. எண்ணூறு பேரும் பழக்கதோஷத்தில் எழுந்து அட்சதையை வீசினார்கள். மாப்பிள்ளை பதறியடித்து எழுந்து இரண்டு கையையும் நீட்டித் தாலியைத் தேடினார். பத்தாவது வரிசை அம்மாள் தட்டைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, "இங்க இருக்கு, இங்க இருக்கு" என்று கத்தினார்.

மேளம் தடுமாறி நின்றது. ஸ்பீக்கரில் மாமா நிம்மதியாகச் சொன்னார். "ஆங், இப்பத்தான் காத்து வருது."

என் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். "மொறப்பையன்ல. வயித்தெரிச்சல்ல வேலையக் காட்டிட்டான்." நான் திரும்பிப் பார்க்கவில்லை. யார் பேசினார்கள் என்று தெரிந்தால் பிறகு அவர்கள் வீட்டுக் காதுகுத்துக்குப் போக முடியாது. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஐயர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, முகூர்த்தம் இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது என்றார். மேடையிலிருந்து கயல் என்னைப் பார்த்தாள்.

"இளங்கோ, அப்பாவுக்கு இங்க நடக்குறது தெரியுதா தெரியலயா?"

பொய் சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. "தெரியல" என்றேன்.

"அப்ப நான் கழுத்த நீட்ட மாட்டேன்."

நான் ரூட்டரிடம் ஓடினேன். அப்போதுதான் அந்த எமகண்டத்து வரி நினைவுக்கு வந்தது. தட்டலாம். ஆனால் தட்டினால் டனல் ஒரு முறை அறுந்து மீண்டும் சேர வேண்டும். சேராமல் போனால் திரையில் இருக்கும் மாமாவும் போய்விடுவார். ஒரு விரலைத் தூக்கியபடி நான் நின்றுகொண்டிருக்க, கயல் தன் தோழி கையிலிருந்த போனை வாங்கி, கலீல் பாய்க்கு வீடியோ கால் போட்டாள். பத்து விநாடி ஆகியிருக்கும்.

பெரிய திரையில் பாய் போனை மாமாவிடம் நீட்டுவதைப் பார்த்தோம். மாமா அதை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் முகம் மாறுவதை எண்ணூறு பேரும் பார்த்தோம்.

"கயலு," என்றார். "பொட்டு கொஞ்சம் கோணலா இருக்கும்மா." கயல் சிரித்துக்கொண்டே அழுதாள். நானும்தான்.

சம்பந்தி போனுக்குப் பக்கத்தில் வந்தார். "சம்பந்தி, ஒரு தடவ உங்களுக்கே தெரியாம நீங்க கெட்டிமேளம் கொட்ட வச்சிட்டீங்க. ரெண்டாவதும் நீங்களே சொல்லிடுங்க. நாங்க கேசரியே ரெண்டாந்தரம் வாங்குறவங்கதான்."

மாமாவுக்கு எல்லாம் புரிய அரை நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் காது வரைக்கும் சிவந்தார். தாலி மேடைக்கு வந்தது. மாப்பிள்ளை அதைக் கையில் எடுத்தார். விக்கிரமங்கலத்தில் படுத்துக்கொண்டு மாமா கையைத் தூக்கினார். "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்ற குரல் என் டனல் வழியாகப் பிசிறில்லாமல் வந்தது. தவில்காரர் இந்த முறை என்னைப் பார்த்துத் தலையாட்டி உறுதிசெய்துகொண்டு அடித்தார். அட்சதை தீர்ந்துபோயிருந்ததால், கூட்டம் முன்னால் இருந்தவர்கள் தலையிலிருந்து பொறுக்கிப் போட்டது. மாமாவும் அத்தை கொடுத்துவிட்டுப் போயிருந்த பிடி அட்சதையைப் போனைப் பார்த்து வீசினார். ஃபேன் முழு வேகத்தில் சுற்றியதால் அது அப்படியே திரும்பி வந்து அவர் மேலும் பாய் தொப்பி மேலும் விழுந்தது.

பந்தியில் யாரும் என்னைத் திட்டவில்லை. கேசரி மட்டும் இரண்டு தரம் வைத்தார்கள்.

இப்போதும் நான் டனல் போட்டுத்தான் பிழைக்கிறேன். அந்த வரியைத்தான் முதலில் தட்டுகிறேன், இரண்டு பக்கமும். மாமா கைத்தடி இல்லாமல் வயலுக்குப் போய்வருகிறார். கயலுக்கு மூன்று வயதில் ஒரு பெண். அந்தக் கல்யாண வீடியோவைப் போட்டால்தான் அது சோறு தின்னும். அதனால் யார் கையை உயர்த்தினாலும் கையில் இருப்பதை வீச வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. போன வாரம் வேப்பந்தட்டையில் அவர்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். புழுக்கம் தாங்கவில்லை. வாய் நிறையச் சோறு இருந்ததால், ஃபேனைக் கூட்டச் சொல்லிக் கையை உயர்த்தினேன்.

ஒரு கிண்ணம் ரசஞ்சோறு தலையில் வந்து விழுந்தது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் வாயாலேயே கெட்டிமேளம் கொட்டினார்கள்.