எண் பொருந்தாத துவக்கு

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பதினொரு வருடம் துவக்குகளுக்கு அனுமதிப்பத்திரம் எழுதிக் கொடுத்தவன் நான். ஒருநாளும் சுட்டதில்லை. வெடிச் சத்தம் கேட்டால் காதைப் பொத்துகிற சாதி. தீபாவளிக்கும் அப்படித்தான்.

இலங்கையின் வடக்கில் ஒரு கச்சேரியில் (பாட்டுக் கச்சேரி அல்ல, அரசாங்க அதிபரின் அலுவலகம்) எனக்கு அந்த மேசைதான் கிடைத்தது. பன்றியையும் குரங்கையும் விரட்டுகிற கமக்காரர்கள் வருடத்துக்கு ஒருமுறை துவக்கும் கையுமாக வந்து வரிசையில் நிற்பார்கள். குழலில் உள்ள எண்ணை வாசிப்பேன். அடிப்பாகத்தில் உள்ள எண்ணை வாசிப்பேன். பதிவேட்டில் உள்ளதை வாசிப்பேன். மூன்றும் ஒன்றென்றால் கையொப்பம். இல்லையென்றால் 'தடுத்து வைக்கப்பட்டது. காரணம்:' என்று எழுதிய மண்ணிற அட்டையை விசைக்குப் பக்கத்தில் நூலால் கட்டிப் பொலிஸுக்கு அனுப்புவேன். துவக்கைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்கு மேல் தெரிய ஏதும் இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவும் இல்லை.

பிறகு நாட்டில் நடந்ததெல்லாம் நடந்து, தொண்ணூறுகளில் நான் இத்தாலியில், சிசிலித் தீவின் பலேர்மோவில், ஒரு சிஞ்ஞோராவின் (அம்மையாரின்) வீட்டில் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். சிஞ்ஞோரா நீதிமன்றப் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபது வயது. குறி பார்த்துச் சுடும் கழகமொன்றில் முப்பது வருட உறுப்பினர். என் மனைவி புவனமும் ஐந்து வயது மகள் தர்சினியும் கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்திருந்தார்கள். அவர்களைக் கூப்பிட எல்லாப் பத்திரமும் சேர்த்துவிட்டேன், ஒன்றைத் தவிர. 'இவர் என்னிடம்தான் வேலை செய்கிறார், ஒழுங்கான ஆள்' என்று சிஞ்ஞோரா எழுதித் தரவேண்டிய கடிதம்.

அவருக்கு அதைத் தர மறுப்பில்லை. ஆனால் ஒரு வேலையை முடிக்காமல் அடுத்த வேலையைத் தொடமாட்டார். (நானும் அப்படித்தான் என்பதால் குறை சொல்லவும் வழியில்லை.) அந்த மாதம் அவர் கையில் இருந்த வேலை, ஒரு கார்பைன் வாங்குவது. மணிக்கட்டில் வாதம் வந்து கைத்துப்பாக்கி ஆடத் தொடங்கியிருந்தது. கழகத்தில் ஒரு ஓய்வுபெற்ற கணக்காளர் அவரை இரண்டு தடவை முந்திவிட்டார். கைத்துப்பாக்கியின் அதே ரவையைச் சுடுகிற, ஆனால் தோளில் முட்டுக்கொடுத்துப் பிடிக்கக்கூடிய சிறிய கார்பைன் ஒன்று கடைக்கு வந்திருக்கிறதாம்.

"சிஞ்ஞோர் ராசா, உங்களுக்குத் துவக்குகள் பற்றித் தெரியுமா?" என்று ஒருநாள் கேட்டார்.

"ஒரு மாவட்டத்தின் துவக்குகள் முழுவதும் என் கையால் போனவை, சிஞ்ஞோரா."

சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் ஆபத்து.

"நல்லது. சனிக்கிழமை கடைக்கு வாருங்கள். நீங்கள் பார்த்துச் சரியென்றால் வாங்குகிறேன். திங்கட்கிழமை உங்கள் கடிதம்."

அன்று மாலை கொழும்புக்குப் போன் எடுத்தேன். லொட்ஜின் வரவேற்பு மேசையில்தான் போன்.

"கடிதம் எடுத்தாச்சோ?" என்றாள் புவனம்.

"இல்லையப்பா. துவக்கு வாங்கின பிறகுதான்."

சட்டென்று போனை வைத்துவிட்டாள். அந்தக் காலத்துக் கொழும்பில், நாலு பேர் நிற்கிற இடத்தில், ஒரு தமிழ்ப் பெண்ணின் காதுக்குள் நான் சொன்ன சொல் அது! திரும்ப எடுத்தபோது, அப்படி யாரும் இங்கே இல்லை என்று அவளே சிங்களத்தில் சொன்னாள்.

வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால் என்னோடு அறையில் இருந்தவன் சூசை. மன்னார்ப் பெடியன், உணவகமொன்றில் கோப்பை கழுவுகிறவன். விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணை, நீங்கள் எப்பவாவது சுட்டிருக்கிறியளே?"

"நான் ஒரு மாவட்டத்தின்ரை துவக்கு முழுக்கப் பாத்தவன்."

"பாத்தனியள். நானும் துறைமுகத்திலை நெடுகக் கப்பல் பாக்கிறன். என்னைக் கப்பலோட்ட விடுவினமே?"

"உனக்கு நடைமுறை தெரியாது, சூசை."

"எனக்கு ஒண்டு தெரியும். தமிழன் ஒருத்தன் துவக்குக் கடைக்கை நிக்கிறான் எண்டு ஆரும் கண்டால், உங்களை மட்டுமில்லை, ஒரே அறையிலை படுக்கிற என்னையும் சேத்துத்தான் கேப்பாங்கள். நான் கோயில் பாட்டுக் குழுவிலை நிக்கிற ஆள், அண்ணை. என்னை விட்டிடுங்கோ."

நான் பொருட்படுத்தவில்லை. தையல்காரர் நாடா, பூதக்கண்ணாடி, குறிப்புப் புத்தகம், வெள்ளை நூல். மண்ணிறச் சப்பாத்துப் பெட்டியொன்றின் மூடியை வெட்டி இரண்டு அட்டைகளும் செய்தேன். ஒன்றில் 'சரி'. மற்றதில் 'தடுத்து வைக்கப்பட்டது. காரணம்:'. இரண்டும் அழகான தமிழில். அட்டை இல்லாமல் எப்படித் துவக்குப் பார்ப்பது?

சனிக்கிழமை காலை, கடை. வேட்டைச் சட்டை போட்ட மீசைக்காரர் ஒருவர் மூலையில் சப்பாத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் மேசையில் பச்சைத் துணி விரித்துக் கார்பைனை வைத்தார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தேன். அந்த நிமிடத்தில் தொடங்கிய குழப்பம் அன்று மாலைவரை தீரவில்லை.

முதலில், குழல் ஒன்றுதான். சரி, ஒற்றைக் குழல் துவக்கும் உண்டு. ஆனால் மடிக்கிற மூட்டு எங்கே? எங்கள் துவக்கு நடுவில் மடியும். மடித்து, குழலை யன்னல் பக்கம் பிடித்து, உள்ளே துரு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இது மடிகிற இனமே இல்லை. ரவைக்கூடு, பிடிக்கிற கைப்பிடிக்கு உள்ளேயே போய் ஒளிந்துகொள்கிறது.

"இது அரைத் தானியங்கி," என்றார் கடைக்காரர் பெருமையோடு.

"மற்ற அரையை யார் செய்வது?"

"நீங்கள்தான். ஒவ்வொரு ரவைக்கும் விசையை ஒருமுறை இழுக்க வேண்டும். மீதியை அது பார்த்துக்கொள்ளும்."

குறித்துக்கொண்டேன். எங்கள் படிவத்தில் இதற்கு நிரல் இல்லை. சிஞ்ஞோரா கார்பைனைத் தோளில் வைத்துச் சுவரைக் குறி பார்த்தார். கழுத்தை நீட்டி, நாடியைத் தூக்கி, கொக்குப்போல. நான் நாடாவை எடுத்து, தோளில் முட்டும் அடிக்கட்டையை அளந்தேன், அவருடைய முழங்கையிலிருந்து விரல்வரை அளந்தேன். அடிக்கட்டை இரண்டு விரல் நீளம் கூட என்றேன். எதை அளக்கிறேன் என்று எனக்கே தெரியாது. நாடா கையில் இருந்தது, அளந்தேன். கடைக்காரர் முதல்முறையாக என்னை மரியாதையோடு பார்த்தார்.

அந்த மரியாதை என் தலைக்கு ஏறிவிட்டது.

"குழலுக்குள் வெளிச்சம் பார்க்க வேண்டும். கழற்றுங்கள்," என்றேன்.

அவர் சிஞ்ஞோராவைப் பார்த்தார். சிஞ்ஞோரா தலையசைத்தார். மனிதர் பெருமூச்சு விட்டுக் கார்பைனைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பச்சைத் துணியில் பரப்பினார். எது எதற்கு என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் பூதக்கண்ணாடிக்குக் கீழே என் பழைய நண்பர்கள் தெரிந்தார்கள். எண்கள்! ஓரிடத்தில் ஒரு நீண்ட எண். இன்னோரிடத்தில் ஒரு குட்டையான எண். திரும்ப வாசித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தேன்.

பதினொரு வருடப் பழக்கம். வாய் தானாகத் திறந்தது.

"எண் பொருந்தவில்லை!"

மாஃபியாவின் பலேர்மோவில், தொண்ணூறுகளில், துவக்குக் கடையொன்றின் நடுவில் நின்று அப்படி உரத்துச் சொல்லக்கூடாது என்பதை நான் ஒரு நடைமுறையாக எங்கும் படித்திருக்கவில்லை. கடைக்காரரின் முகம் மாவாக வெளுத்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நானோ இரண்டாவது அட்டையை எடுத்து, காரணத்துக்கு நேரே 'எண் பொருந்தவில்லை' என்று எழுதி, விசை இருந்த துண்டில் வெள்ளை நூலால் இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டினேன்.

மூலையில் நின்ற மீசைக்காரர் சப்பாத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"நான் குவெஸ்தூராவில் வேலை," என்றார். (பொலிஸ் தலைமையகம்.) "இன்று விடுமுறை. இதுவரை விடுமுறை. இது என்ன எழுத்து?"

"தமிழ்."

"என்ன எழுதியிருக்கிறது?"

"இந்தத் துவக்கு தடுத்து வைக்கப்பட்டுள்ளது என்று."

"யாரால்?"

நியாயமான கேள்வி. நான் யோசித்தேன். "என்னால்," என்றேன்.

அவர் என் பெர்மெஸ்ஸோவை, அதாவது அங்கே தங்குவதற்கான அனுமதிப்பத்திரத்தை, கேட்டார். அது புதுப்பிக்கக் கொடுத்திருந்தது. என்னிடம் இருந்தது ரசீதுத் துண்டு மட்டும். அதை அவர் இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தபோது எனக்குக் கண்ணுக்கு முன்னால் வந்தது கார்பைன் அல்ல, கொழும்பு லொட்ஜின் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் புவனமும் தர்சினியும். கடிதம் போயிற்று. என்னையும் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். நான் போய் அதே படிக்கட்டில் மூன்றாவது ஆளாக உட்கார வேண்டியதுதான்.

எல்லோரும் குவெஸ்தூராவுக்குப் போனோம். சிஞ்ஞோராவின் சின்னக் காரில் சிஞ்ஞோரா, மீசைக்காரர், கடைக்காரர், நான். கடைக்காரரின் மடியில், சியாகுல்லி மண்டரின் தோடம்பழம் வந்த பெட்டியொன்றில், துண்டு துண்டாகக் கார்பைன். வழி முழுக்க அட்டை காற்றில் படபடத்தது.

ஆயுதப் பிரிவில் இருந்த இளம் அலுவலர் எண்களைப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.

"நீண்டது இந்தத் துவக்கின் எண். குட்டை எண், இந்த மாதிரிக்கு நாட்டின் பட்டியலில் உள்ள எண். இந்த மாதிரி எல்லாத் துவக்கிலும் அதுதான் இருக்கும். இரண்டும் பொருந்தவே பொருந்தாது. பொருந்தினால்தான் நாங்கள் யோசிக்க வேண்டும்."

கடைக்காரர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். நான் தரையைப் பார்த்தேன். தரை நல்ல பளிங்கு.

அதோடு போகலாம் என்று நினைத்தேன். ஆனால் தொடங்கிய நடைமுறையை முடிக்காமல் விட முடியாது என்றார் மீசைக்காரர். (எனக்கு அவர்மேல் அந்த நிமிடமே ஒரு பாசம் உண்டானது.) அறிக்கை எழுத வேண்டும். அறிக்கையில், இந்த ஆள் யார் என்று வரவேண்டும்.

"சிஞ்ஞோரா, இவருக்கு நீங்கள் பொறுப்பா?"

சிஞ்ஞோரா நாற்காலியை இழுத்து நேராக உட்கார்ந்தார். நீதிமன்றத்தில் முப்பது வருடம் மற்றவர்களின் வாக்குமூலங்களைப் பதிந்தவர் இப்போது தன்னுடையதைச் சொல்லத் தொடங்கினார், காற்புள்ளி உட்பட. இன்னார், இன்ன ஊரில் பிறந்தவர், இன்ன தேதியிலிருந்து என் வீட்டில் முறைப்படி வேலை செய்கிறார், காற்புள்ளி, நேர்மையானவர், காற்புள்ளி, அளவுக்கு மீறி நேர்மையானவர், முற்றுப்புள்ளி. என் பொறுப்பில் உள்ளவர். தட்டச்சு டக்டக்கென்று ஓடியது. மூன்று பிரதி. ஒவ்வொன்றிலும் கையொப்பம், ஒவ்வொன்றிலும் முத்திரை.

நான் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். என்னைத் திட்டுகிறாரா, புகழுகிறாரா, கைது செய்யப்பட்டிருக்கிறேனா, விடுதலையாகிவிட்டேனா, ஒன்றும் பிடிபடவில்லை. அந்தக் குழப்பத்துக்குள் மூளையின் ஒரு மூலையில் இருந்த பழைய எழுதுவினைஞன் மட்டும் விழித்திருந்தான். வேலை, பொறுப்பு, ஒழுக்கம், கையொப்பம். கூடவே முத்திரை வேறு! நான் மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்த கடிதம் அல்லவா இது?

கையை உயர்த்தினேன்.

"நாலாவது பிரதி ஒன்று வேண்டும்."

"எதற்கு?" என்றார் மீசைக்காரர்.

"என் மனைவிக்கு."

சிஞ்ஞோரா என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு மேசையில் விரலால் தட்டி, "கொடுங்கள்," என்றார். "நான் திங்கட்கிழமை எழுதவேண்டியது. எனக்கு ஒரு வேலை குறைந்தது."

காருக்குத் திரும்பும்போது அவர் தோள்கள் குலுங்குவதைப் பார்த்தேன். அழுகிறார் என்று பயந்து பக்கத்தில் போனேன். அழவில்லை.

கார்பைனையும் அவர் வாங்கினார், அடிக்கட்டையை இரண்டு விரல் குட்டையாக்கி. அட்டையை அவிழ்க்க முடியவில்லை. 'அறியாத எழுத்தில் அட்டை ஒன்று, வெள்ளை நூலால் கட்டப்பட்டது' என்று அறிக்கையில் ஏறிவிட்டதால், கோப்பு மூடும்வரை அது தொங்க வேண்டும் என்று சிஞ்ஞோரா தீர்ப்பளித்தார். கழகத்தில் கணக்காளர் அது என்னவென்று கேட்டாராம். "ஆசியாவில் சான்று பெற்றது," என்று சொல்லிவிட்டு அவரை முந்தினாராம்.

நாலாவது பிரதி தன் வேலையைச் செய்தது. புவனமும் தர்சினியும் வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்தில் புவனம் என்னிடம் முதலில் கேட்டது, "துவக்கு எங்கை?" கோப்பு மூடியதும் சிஞ்ஞோரா அட்டையை அவளிடம்தான் ஒப்படைத்தார், என்னிடம் அல்ல.

அன்று தொட்டு எங்கள் வீட்டுக்கு வரும் எதுவும் புவனம் கட்டுகிற அந்த அட்டையிலிருந்து தப்பியதில்லை. குளிர்சாதனப் பெட்டி, தர்சினியின் முதல் சைக்கிள், சூசை திருமணம் முடித்து மனைவியைக் கூட்டிவந்த அன்று சூசையே. தர்சினியைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைக்குத் தேநீர் கொடுத்துவிட்டு அவள், சிசிலியக்காரர் இழுக்கிற இழுவையில், சபை நடுவில் கேட்டாள்: "அப்பா, இவரின்ரை நம்பர் ரெண்டையும் ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோவன்." பெடியன் பயந்துபோய்த் தன் கைத்தொலைபேசி எண்ணைச் சொன்னான். அதனாலேயே அவனைப் பிடித்துவிட்டது எல்லோருக்கும்.

நான் ஓய்வு பெற்ற அன்று மத்தியானம் சாய்கதிரையில் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது சட்டைப் பொத்தானில் ஏதோ உறுத்தியது. மண்ணிற அட்டை. வெள்ளை நூல். இரட்டை முடிச்சு. என் கையெழுத்தில் 'தடுத்து வைக்கப்பட்டது. காரணம்:' என்று மங்கியிருந்தது. அதற்கு நேரே என் பழைய காரணத்தை வெட்டிவிட்டு, புவனம் புதுப் பேனையால் எழுதியிருந்தாள்:

'வெளியில் விட்டால் நம்பர் பார்ப்பார்.'