நாக்கு மேஸ்திரி

சுவரை நக்கிப் பார்த்தே ஜாதகம் சொல்லும் ஆள் இந்த உலகத்தில் ஒருத்தர்தான். அவரும் எங்கள் திருவண்ணாமலையில்தான் இருக்கிறார். ஊருக்கே அவர் நாக்கு மேஸ்திரி. சொந்தப் பேர் அவருக்கே மறந்திருக்கும்.

செங்கம் ரோட்டில் எங்களுக்கு ஒரு பங்களா. விக்டோரியா ராணி காலத்தில் யாரோ ஒரு துரை கட்டியது. நான் தவழ்ந்த வீடு. அப்பாவுக்கு அப்புறம் வாடகைக்கு விட்டுக் குட்டிச்சுவராகிப் போனது. கூரையில் வௌவால், சுவரில் அரசங்கன்று, தூணெல்லாம் ரோஸ் பெயிண்ட். இடித்துவிட்டு லாட்ஜ் கட்டலாம் என்றான் அண்ணன். நான் மல்லுக்கு நின்றேன்.

"சரி, தீபம் வரைக்கும் டைம். அதுக்குள்ள மழையில ஒரு சொட்டு ஒழுகுச்சு, ஜேசிபி வந்துடும்."

அலறியடித்துக்கொண்டு மேஸ்திரியைக் கூட்டிவந்தேன். மனுஷன் கூரையை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. நேரே தூணிடம் போய்ப் பெயிண்டைக் கொஞ்சம் சுரண்டி, ஒரு நக்கு. கண்ணை மூடிக்கொண்டார்.

"கடுக்காய் போட்ட சுண்ணாம்புங்க. வெல்லம் கொஞ்சம் கம்மி. ஆனா நல்ல கொத்தனாரு."

என்னவோ அந்தக் கொத்தனார் போன வாரம்தான் வேலையை முடித்துவிட்டுப் போன மாதிரி!

சிமெண்ட் அவருக்கு ஜென்ம விரோதி. அண்ணன் ஒரு மூட்டை அனுப்பினான். "இது உள்ள வந்தா நான் வெளிய போறேன்" என்றுவிட்டார். மூட்டை கேட்டுக்கு வெளியே நனைந்து பாறையாகிவிட்டது. இப்போது அதன்மேல் உட்கார்ந்துதான் நான் ஷூ மாட்டுகிறேன்.

சுண்ணாம்பில் கலக்கிற கடுக்காயும் வெல்லமும் புளிக்க வேண்டுமாம். பத்துப் பானையில் ஊறப்போட்டார். நாலாம் நாள் வாசம் தெருவையே தூக்கியது. ஐந்தாம் நாள் ஜீப்பில் இன்ஸ்பெக்டர்! சாமியார்கள் நடமாடுகிற ரோட்டில் சாராயம் காய்ச்சுகிறார்கள் என்று எந்தப் புண்ணியவானோ புகார் கொடுத்திருக்கிறான்.

"யோவ், யார்யா ஊறல் போட்டது?"

"நான்தாங்க. ஒரு வாய் பாருங்க சார்."

இன்ஸ்பெக்டர் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். கடுக்காய் தன் வேலையைக் காட்ட, முகம் அஷ்டகோணலாகிவிட்டது.

"த்தூ! இதை எவன்யா குடிப்பான்?"

"செவுரு குடிக்கும் சார்."

ஒருநாள் என் மனைவி சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டாள். மேஸ்திரி மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

"உப்பில்லைனு சொல்லக் கூடாதா மேஸ்திரி?"

"எனக்கு எங்க தெரியுதும்மா? சின்ன வயசுலேர்ந்து சுண்ணாம்புல வெந்த நாக்கு. செவுத்துல இருந்தாதான் ருசி புடிபடும். சோத்துல ஒண்ணும் தெரியாது."

அவள் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவே இல்லை.

தீபத்துக்கு முந்தின நாள் கொட்டோ கொட்டென்று மழை. அண்ணன் வந்து, ஈரக் குடையை ஹால் சுவரில் ஆணியில் மாட்டிவிட்டு ரூம் ரூமாகப் போய் அண்ணாந்து பார்த்தான். அதற்குள் என் மனைவி குடையை எடுத்து வராந்தாவில் விரித்து வைத்துவிட்டாள். திரும்பிவந்த அண்ணன் அலறினான்.

"ஒழுகுது பாரு! செவுரெல்லாம் ஈரம்!"

போச்சு, வீடு போச்சு! மேஸ்திரி நிதானமாக வந்தார். ஈரத்தில் ஒரு நக்கு.

"கூரை வழியா வந்தா சுண்ணாம்புக் காரம் ஏறியிருக்கும்ங்க. இது சப்புனு இருக்கு. உங்க குடைத் தண்ணிங்க."

அண்ணன் ஆணியைப் பார்த்தான். உரித்த முட்டை மாதிரிப் பளபளத்த தூண்களைப் பார்த்தான். பக்கத்தில் போய் ஒன்றைத் தடவினான். "சரி, இருந்துட்டுப் போவட்டும்" என்றான். இப்போது கிரிவலம் வருகிறவர்களையெல்லாம் வீட்டைப் பார்க்க இழுத்து வருவதே அவன்தான்.

இன்றைக்கும் மழை பெய்தால், விட்ட கையோடு மேஸ்திரி சைக்கிளில் வந்துவிடுவார். தூணுக்கு ஒரு நக்கு, அப்புறம் காபி. என் மனைவி அவருக்கு மட்டும் சர்க்கரை ரெண்டு ஸ்பூன் ஜாஸ்தி போடுவாள்.

"தெரியுதா மேஸ்திரி?"

"லேசா தெரியுதும்மா."

எந்தச் சுவரைப் பற்றியும் பொய் சொல்லாத மனுஷன், அவளுக்காக மட்டும் சொல்கிற பொய் அது.