மேல் கட்டத்தில் நான்

சனிக்கிழமை பத்து மணிக்கு நான் மைதானத்தில் இருந்தே தீருவேன். இறுதி ஆட்டம்! கையில் இரண்டு டிக்கெட். ஒன்று எனக்கு, ஒன்று மைத்துனனுக்கு. குறுக்கே நின்றது ஒரே ஒரு சங்கதிதான். அன்றைக்கே முன்னறைக்குப் பெயிண்ட் அடித்தாக வேண்டும் என்று மனைவி சொல்லிவிட்டாள்.

விடுவேனா? ஆபீசில் நாற்பது பேரை மேய்க்கிறவன் நான். மலையளவு வேலை வந்தாலும் கட்டம் கட்டமாகப் பிரித்து ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு, மேல் கட்டத்தில் ஹாயாக உட்கார்ந்திருப்பேன். வெள்ளிக்கிழமை சாயங்காலமே சார்ட் பேப்பர் வாங்கி வந்து, படம் போட்டுச் சுவரில் ஒட்டினேன்.

"என்னங்க இது, சுவத்துலயா பாண்டி ஆடப் போறீங்க?"

"திட்டம்டி! மேல் கட்டம் 'முன்னறை'. அது என் பொறுப்பு. கீழே சாமான் நகர்த்தறது, சுவரைத் தேய்க்கிறது, பெயிண்ட் அடிக்கிறது."

"மூணுலயும் என் பேர் இருக்கே?"

"உன் திறமைக்கு மரியாதை."

"மேல் கட்டத்துக்கு என்ன வேலை?"

"கீழே முடிஞ்சா மேலே தானா முடிஞ்ச மாதிரி. அதான் இதோட அழகே!"

சண்டைக்குத் தயாராக நின்றேன். வரவில்லை.

"என் கட்டமெல்லாம் பெருசா இருக்கு. இன்னும் பிரிச்சுக்கலாமா?"

"தாராளமா! பிரிக்கப் பிரிக்கத்தான் சுலபம்."

"பிரிச்சதை யாருக்கு வேணா கொடுக்கலாமா?"

"யாருக்கு வேணாலும்! ஆனா பேர் எழுதிட்டா மாத்தக் கூடாது. ஆபீஸ்ல நான் போட்ட சட்டமே அதுதான்."

பாவம், உதவிக்கு அவள் அக்கா வந்து மாட்டிக்கொள்ளப் போகிறாள் என்று குஷியாகத் தூங்கினேன்.

காலையில் தொப்பியும் கையுமாக வந்து பார்த்தால், சார்ட் தரைவரை நீண்டிருந்தது. பதினேழு புதுக் கட்டங்கள்! சோபாவின் இடது பக்கம் தூக்குவது: நீங்க. வலது பக்கம் தூக்குவது: நீங்க. ஸ்டூலில் ஏறுவது: நீங்க. ஸ்டூல் ஆடாமல் பிடித்துக்கொள்வது: அதுவும் நீங்க.

"அடிப்பாவி! உன் வேலை எங்கே?"

"கீழே நீங்க முடிச்சா நடுவுல என் கட்டம் தானா முடிஞ்ச மாதிரிங்க. அதான் இதோட அழகே!"

வாசலில் மைத்துனன் ஹாரன் அடித்தான். அவள் பிரஷை என் கையில் திணித்தாள். தொப்பியை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, என் சட்டைப் பையிலிருந்த டிக்கெட்டுகளையும் உருவிக்கொண்டாள்.

"அது என் டிக்கெட்!"

"வீணாப் போகக் கூடாதில்ல? தம்பி காத்துக்கிட்டிருக்கான்."

"அநியாயம்! இதை நான் சும்மா விடமாட்டேன்!"

"குறை ஏதாவது இருந்தா மேல் கட்டத்துல சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போயே போய்விட்டாள்.

ஆத்திரத்தோடு நிமிர்ந்து பார்த்தேன். அங்கேயும் நான்தான் இருந்தேன்.