பத்திரிகை உச்சியில் எத்தனை பேர்?

உ

சிவகாசி,
ஞாயிறு காலை.

மரியாதைக்குரிய சம்பந்தி, விருதுநகர் மிளகாய் மண்டி ஞானசிகாமணி அண்ணாச்சி அவர்களுக்கு அச்சாபீஸ் சங்கரபாண்டியன் வணக்கம். இங்கு எல்லாரும் சுகம். மதினிக்கு முட்டுவலி தேவலையா?

நம் ஆர்த்தி, அன்பரசன் கல்யாணப் பத்திரிகை ஒருவழியாக அடித்து முடிந்தது. ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். போனில் பேசினால் நம் இரண்டு பேருக்கும் குரல் ஏறிவிடுகிறது, அதனால்தான் கடிதம்.

உங்களுக்குப் பார்க்க அனுப்பிய முதல் புரூப்பில் நடந்தது முழுக்க மரியாதையால் வந்த வினை. எங்கள் பக்கம் பத்திரிகை உச்சியில் குலசாமி, ஊர்ச்சாமி என்று ஆளுக்கொரு வரி 'துணை' போட்டே ஆகவேண்டும். ஒரு சாமியை விட்டால் எங்கள் சித்தப்பா வீடே கல்யாணத்துக்கு வராது. அதே பழக்கத்தில் உங்களுக்கும் பிதா துணை, குமாரன் துணை, பரிசுத்த ஆவி துணை என்று மூணு வரி போட்டேன். வயசுப்படி பிதாவுக்குப் பெரிய எழுத்து, குமாரனுக்கு அதைவிடச் சின்னது. ஆவிக்கு வயசு தெரியாததால் குமாரன் அளவே கொடுத்தேன். நீங்க போன்ல, "அண்ணாச்சி, எங்களுக்குக் கடவுள் ஒருத்தருதான். இதப் பாத்தா போதகர் ஜெபம் பண்ண வரவே யோசிப்பாரு"ன்னதும் எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. கல்யாணமே நின்னுருமோன்னு பயந்து, ரெண்டு வரியை எடுத்துட்டு பிதாவை மட்டும் விட்டு அனுப்பினேன். அதுக்கு, "மத்தவுகள எங்கன விட்டீக?"ன்னு கேட்டீகளே, அன்னைக்கு நான் சாப்பிடலை.

அப்புறம், எங்க அண்ணன் தம்பி மூணு பேரு, கம்பெனி ஒண்ணு, அந்த மாதிரியான்னு கேட்டேன். "கடவுள்ல பங்காளி கிடையாது"ன்னுட்டீக. சரி, நானே வீட்டுல அப்பன், அச்சாபீஸ்ல முதலாளி, உங்க மண்டியில வத்தல் வாங்குற ஆளு, அதானேன்னேன். "அது ஒரே ஆளு சட்டை மாத்துறது, அதுவும் இல்ல"ன்னுட்டீக. மூவரும் வேற வேற, ஆனா கடவுள் ஒருத்தர், அதுல பெரியவுக சின்னவுக இல்லைன்னு நீங்க சொன்னது என் மண்டையில ஏறவே இல்லை. ஏறினது உங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையிலதான். மதினி கண்ணை மூடி, ஆர்த்தி பேரைச் சொல்லி, அவ எங்களுக்கு மருமகளா இல்ல, மகளா வரணும்னு ஜெபம் பண்ணினாக. கடைசியில பிதா, குமாரன், பரிசுத்த ஆவின்னு மூணு பேரையும் சொல்லி, ஒரே ஒரு ஆமென். எனக்கு விளங்கினது அம்புட்டுத்தான். மகளைக் கொடுக்குற வீட்டைப் பத்தி மனசு நிறைஞ்சு போச்சு அண்ணாச்சி.

இப்போது ஒரே வரி, ஒரே அளவு எழுத்து: 'பிதா, குமாரன், பரிசுத்த ஆவியாகிய ஒரே கடவுள் துணை.' என் வீட்டுக்காரி பேச்சியம்மாளும், "இருக்கன்குடி ஆத்தாகிட்ட நான் நேர்ல போயிச் சொல்லிக்கிடுதேன், பிள்ளை கல்யாணம் நல்லா நடக்கட்டும்" என்று விட்டுக்கொடுத்துவிட்டாள். ஆகவே வேறு எந்தச் சாமியும் இந்தத் தாளில் இல்லை, சத்தியம். போதகரிடம் தைரியமாகக் காட்டுங்கள்.

மதினிக்கு எங்கள் வணக்கமும், மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதமும்.

என்றும் உங்கள் அன்புள்ள,
சங்கரபாண்டியன்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போதுதான் ஆர்த்தி சிரித்துக்கொண்டே காட்டினாள். பழக்க தோஷத்தில் கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி போட்டிருக்கிறேன். பதறிப்போய்ப் பத்திரிகையை எடுத்துப் பார்த்தேன். அங்கேயும் இருக்கிறது! எங்கள் மிஷின்காரர் ஒச்சப்பன் சுழி போடாமல் எந்தத் தாளையும் ஏற்றமாட்டார். பாதிப் பத்திரிகை ஊருக்குள் போயும்விட்டது. அண்ணாச்சி, மூவரையே ஒருவர் என்று சொல்கிற பெரிய மனசு உங்களுக்கு. தயவுசெய்து இந்தப் பிள்ளையாரை நாலாவதாக எண்ணிவிடாதீர்கள்.