தண்டபாணி ஏறிய எரிமலை

"மாப்பிள்ளை, ஏறுங்க!" என்றான் மைத்துனன் பொன்னுத்துரை.

தண்டபாணி வாசலில் நின்ற புதுச் சைக்கிளைப் பார்த்தார். சைக்கிளும் அவரைப் பார்த்தது. இருவருக்கும் முன்பின் அறிமுகமில்லை.

"இப்பவேவா, மச்சான்?"

"ஞாயித்துக்கிழமை காலையில. சுவேடகோன் புத்தர் கோயில் மேட்டுல. ஜாவாத் தீவுல நெருப்புக் கக்கற மலையில மிதிச்சு ஏறின ஆளுக்கு இதெல்லாம் ஒரு மேடா? அலோன்ல எங்க தெருவே பார்க்க வருது!"

உள்ளே தண்டபாணியின் மனைவி மங்கலம் பெருமையாகச் செருமினாள். கல்யாணமாகி மூன்று மாதம். தினமும் அவள் முந்தானையால் துடைக்கும் படம் ஒன்று கூடத்தில் தொங்கியது. நடுக்கடலில் ஒரு தீவு, அதில் புகை விடும் மலை, அதற்கு முன்னால் கோட்டும் தொப்பியுமாகச் சைக்கிள்மேல் தண்டபாணி.

உண்மையில் அந்த மலை இதே ஊரின் கியாக்டடா பேட்டையில், அமீர் அலி ஸ்டூடியோவின் திரைத்துணியில் இருந்தது. சைக்கிளைக் கட்டையோடு சேர்த்து ஆணி அடித்திருந்தார்கள். கோட்டு வாடகைக் கோட்டு. தண்டபாணி சுபாவத்தில் பொய்யரில்லை. அரிசிக் கம்பெனிக் குமாஸ்தா. பெண் பார்த்துத் தந்த தரகர் நல்லப்பன், "படத்துல இது எந்த ஊரு?" என்று கேட்டபோது "ஜாவா" என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். மிச்சத்தையெல்லாம் மங்கலம்தான் கேள்வி கேட்டுக் கேட்டே அவரிடமிருந்து கறந்துவிட்டாள்.

"அந்தப் புகை கண்ணைக் கரிச்சுதாங்க?"

"கரிக்காம? கண்ணீரோடதான் மிதிச்சேன்."

"புகை ஏங்க இடது பக்கமே சாஞ்சிருக்கு?"

"கடல் காத்து."

"அந்தக் காத்துல தொப்பி பறக்கலையா?"

"ஒரு கையால பிடிச்சுக்கிட்டேன்."

"படத்துல ரெண்டு கையும் ஹேண்டில்பார்ல இருக்கே?"

"அது... படத்துக்காக விட்டேன்."

"அடேயப்பா!" என்று கண்ணை அகல விரிப்பாள் மங்கலம். அந்தக் கண்ணுக்காக எந்த மனிதனும் இன்னும் இரண்டு மலை ஏறுவான். நானாக இருந்தால் மூன்று.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கண் என்ன ஆகும்? தண்டபாணிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "ஜாவாவுலயே போன முழங்கால், மங்கலம். இனிமே சைக்கிள் ஆகாது."

மத்தியானத்துக்குள் மாமியார் தைலம்மாள், எண்ணெய்ப் புட்டியோடும் ஒரு வைத்தியரோடும் தின்கன்ஜூனில் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வைத்தியர் வலியே இல்லாத முழங்காலை இரண்டு நாள் பிசைந்து, அதில் நிஜமாகவே வலியை வரவழைத்து, பிறகு அதைக் குணப்படுத்தியும் விட்டார்.

"இனி ரெண்டு மலை ஏறலாம்" என்றார்.

தண்டபாணிக்கு வேறு வழி தெரியவில்லை. "அத்தை, மறைச்சுட்டேன். மலை உச்சியில முருகனுக்கு வேண்டிக்கிட்டேன். முதல் குழந்தை பிறக்கிற வரைக்கும் சைக்கிளைத் தொடறதில்லைன்னு."

தைலம்மாள் அவசரமாகக் கிளம்பிப் போனாள். மறுநாள் ஒரு கூடை மாங்காயும் நாலு பெண்களுமாகத் திரும்பி வந்தாள்.

"எத்தனை நாள் தள்ளியிருக்குடி? மாப்பிள்ளை ஜாடையா சொல்லிட்டாரு, நீ வாயே திறக்கலையே!"

மங்கலம் தண்டபாணியை ஒரு பார்வை பார்த்தாள். எரிமலை எப்படி இருக்கும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

"இல்லை அத்தை, குழந்தை வரைக்கும் இல்லை. கல்யாணம் வரைக்கும்தான் வேண்டிக்கிட்டேன். பதட்டத்துல மாத்திச் சொல்லிட்டேன்!"

"அப்ப வேண்டுதல் முடிஞ்சே மூணு மாசம் ஆச்சு!" என்று துள்ளினான் கூடையைத் தூக்கி வந்த பொன்னுத்துரை. "ஞாயித்துக்கிழமை ஏறலாம்!"

ஞாயிறு காலை மேட்டின் அடிவாரத்தில் உறவு முழுவதும் திரண்டிருந்தது. அலோன் துறையில் படகுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் மங்கலத்தின் செல்லையா மாமாகூடச் சுருட்டோடு ஓரமாக நின்றார். வாயில் சுருட்டு இருப்பதால் அவர் பேசுவதில்லை. பேசக் கூடாது என்றுதான் சுருட்டு என்பார்கள்.

"முதல்ல பாதையைப் பார்க்கணும்" என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மேலே நடந்தார் தண்டபாணி. அந்தப் பக்கமாக இறங்கி ஒரேயடியாகத் தொலைந்துபோவது திட்டம். பொன்னுத்துரை விடாமல் உச்சி வரை கூடவே வந்தான்.

"எறங்கறதையும் காட்டிடுங்க மாப்பிள்ளை!" என்று அவரைத் தூக்கி உட்கார வைத்து, மரியாதையாக ஒரு தள்ளுத் தள்ளினான்.

மரங்கள் ஓடின. பிரேக் என்று ஒன்று உண்டு என்பது அவருக்கு நினைவு வந்தது. எங்கே உண்டு என்பது வரவில்லை. சரிவின் கடைசியில் மொஹிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கும் டோ மியா, "அமலே!" என்று தன் மொழியில் தாயைக் கூப்பிட்டு அலறி விலகினாள். தண்டபாணி அவளுடைய நூடுல்ஸ் கூடைக்குள் உட்கார்ந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மங்கலம் ஓடி வந்து, அவர் காதில் தொங்கிய நூடுல்ஸை இடது கையால் எடுத்தாள். "அடி பட்டுச்சாங்க?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இந்தக் கேள்வியில் உடைந்துபோனார்.

"மங்கலம், எனக்குச் சைக்கிள் விடத் தெரியாது. ஜாவா எந்தத் திசைன்னும் தெரியாது. அந்த மலை வெறும் துணி. நீ தினம் துடைக்கிற படத்துல நிஜம்னு இருக்கறது என் மூஞ்சி ஒண்ணுதான். அதை இனிமே உங்கிட்ட எப்படிக் காட்டுவேன்? நீ உங்க அம்மாவோட போறேன்னாலும் நான் குறுக்க நிக்க மாட்டேன்."

மங்கலம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

"அழாதே மங்கலம்" என்றார் தண்டபாணி, தானும் அழத் தயாராகிக்கொண்டே.

செல்லையா மாமா வாயிலிருந்து சுருட்டை எடுத்தார்.

"அழலை மாப்பிள்ளை, சிரிக்கிறா. அமீர் அலி கடைத் திரையில மலையை வரைஞ்சது நான். அந்தப் புகையைப் போட்டது இவ."