இருநூற்றுப் பதினான்காவது கார்

ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். வீட்டில் கார் பெருத்துவிட்டது. ஒன்றையாவது விற்றே ஆக வேண்டும். இன்றைக்கே மனைவியிடம் பேசிவிடுவது.

அவரிடம் மொத்தம் இருநூற்றுப் பதினான்கு கார்கள். அவற்றில் இருநூற்றுப் பதின்மூன்று உள்ளங்கையில் அடங்கும். மிச்சம் ஒன்று வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் நின்றது. அதில் ஐந்து பேர் உட்காரலாம். அவர் விற்க நினைத்தது அதைத்தான்.

தெருவில் எல்லோருக்கும் அவர் கண்ணாடிக்காரர். என் பேரிலேயே கார் இருக்கிறது பார் என்று பெருமைப்படுவார். பேரில் இருப்பதாவது ஓடுகிறதே என்பாள் மனைவி.

பொம்மைக் கார் என்று யாராவது சொல்லிவிட்டால் அவர் முகம் சுருங்கிவிடும். பொம்மை என்பது குழந்தை விளையாடுவது, இது அசல் காரை அப்படியே நாற்பத்து மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கியது என்று திருத்துவார். பழைய சாமான் கடைகளில் கூரை நசுங்கி, சக்கரம் கழன்று கிடப்பவற்றைப் பொறுக்கிக்கொண்டு வருவார். கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் உலகம் மறந்துபோகும். பழைய பெயின்ட்டைக் கரைத்து எடுப்பார். உப்புத்தாளை நகத்தளவு வெட்டித் தேய்ப்பார். மூன்றே முடி உள்ள பிரஷ்ஷால் கதவுக் கைப்பிடிக்கு வெள்ளி பூசுவார். ஒரு காருக்கு வைப்பர் கிடைக்காமல் தன் தலையிலிருந்தே முடியைப் பிடுங்கி ஒட்டியதும் உண்டு. இப்போது அந்த உதிரிபாகம் அவரிடம் அவ்வளவாகக் கையிருப்பில் இல்லை.

மற்ற வீடுகளில் கார்காலம் வரும், போகும். அந்த வீட்டில் வந்தது வந்ததுதான். புத்தக அலமாரியில் கார். ஃபிரிட்ஜ் தலையில் கார். செருப்பு ஸ்டாண்டின் மேல்தட்டில் தீயணைப்பு வண்டி. ஒருநாள் மனைவி தலைவலி மாத்திரைக்காக மருந்துப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஆம்புலன்ஸ் நின்றது. இடம் பொருத்தமாக இருந்ததே என்றார் கண்ணாடிக்காரர்.

இனி வைக்க இடமில்லை. கொட்டகை ஒன்றுதான் பாக்கி. ஒரு வாரமாகவே அவர் கண் அதன் மேல்தான். மூன்று சுவருக்கும் கண்ணாடி அலமாரி, நடுவில் வேலை மேஜை, மேலே இரண்டு குழல்விளக்கு என்று நினைக்கும்போதே அவருக்கு நெஞ்சு நிறைந்தது. குறுக்கே நின்றது அந்தப் பெரிய கார்.

அது அவருடைய மாமனார் கொடுத்தது. பார்வை மங்கி இனி ஓட்ட முடியாது என்று ஆனதும் அவர் மகள் கையில் சாவியைக் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளை இரண்டு வருஷம் ஓட்டினார். ஒரு மழைநாளில் இன்ஜின் இருமியது, விக்கியது, படுத்துவிட்டது. அதற்கப்புறம் நாலு வருஷமாக அது கொட்டகையை விட்டு நகரவில்லை. டயர்கள் தரையோடு தரையாகிவிட்டன. பின்சீட்டு பூனைக்குப் பிரசவ ஆஸ்பத்திரி ஆயிற்று. கண்ணாடிக்காரருக்குக் கடை நடந்து போகும் தூரம். அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவள்தான் தினமும் இரண்டு பஸ் மாறி, பாதி நாள் நின்றுகொண்டே கோர்ட்டுக்குப் போய் வந்தாள். காரைச் சரிசெய்யலாமே என்று மாதம் ஒரு தடவை கேட்பாள். பார்க்கலாம் என்று மாதம் ஒரு தடவை சொல்வார்.

கோர்ட்டில் அவளுக்குச் சுருக்கெழுத்து வேலை. சாட்சிகள் வாயிலிருந்து விழுவதை விழுந்தபடியே பிடித்து எழுதுவாள். இருபது வருஷ அனுபவம்.

பத்து மணிக்கு அவள் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். கொட்டகை அலமாரியைப் பற்றி மூச்சு விடவில்லை. முழுக்கக் காரின் உடல்நிலை பற்றியே பேசினார். துரு அடித்தட்டு வரைக்கும் இறங்கிவிட்டதாம். காலை வைத்தால் ரோடு தெரியுமாம். உதிரிபாகம் உலகத்திலேயே கிடையாதாம். மெக்கானிக்குகள் கைவிரித்துவிட்டார்களாம். எந்த மெக்கானிக்கையும் அவர் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

"மனசைக் கல்லாக்கிக்கிட்டுச் சொல்றேன். அதை இனிமே யாராலயும் காப்பாத்த முடியாது. எடைக்குப் போட்டுடலாம்" என்று முடித்தார்.

அவள் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்த வாக்கியம் வந்ததே இல்லை. வேறு எந்தக் கணவனாக இருந்தாலும் அந்த இடத்திலேயே உஷாராகியிருப்பான். கண்ணாடிக்காரர் குளிர்ந்துபோனார். அப்பா கொடுத்த கார், மனசைத் தேற்றிக்கொள்ள அடுத்த ஞாயிறு வரைக்கும் டைம் கொடுங்கள் என்று அவள் கேட்டதும் பெரிய மனசோடு கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் இன்னொரு அதிசயம் நடந்தது. அவர் ஒரு நசுங்கிய காரோடு மல்லாடிக்கொண்டிருந்தபோது அவள் டீயோடு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கையில் நோட்டுப் புத்தகமும் பென்சிலும் இருந்தன.

"இதோட கூரையே உட்கார்ந்துடுச்சே. இதை எப்படிங்க எழுப்புவீங்க?"

தொழில் ரகசியத்தைக் கேட்க ஆள் கிடைத்தால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். உள்ளேயிருந்து மெல்ல மெல்லத் தட்டி எழுப்புவதை விளக்கினார்.

"துருப் பிடிச்சிருந்தா?"

"துருன்னா என்ன, மேல படிஞ்ச அழுக்கு. பொறுமையாத் தேய்ச்சா உள்ள நல்ல இரும்பு இருக்கும். துருவைப் பார்த்துப் பயப்படறவன் இந்தப் பக்கமே வரக் கூடாது."

"உதிரிபாகம் கிடைக்கலைன்னா?"

"செஞ்சுக்கணும். கிடைக்கலைன்னு சொல்றவன் தேடாத சோம்பேறி."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "இல்லைங்க, இதை யாராலயும் காப்பாத்த முடியாதுன்னு சொல்ற நிலைமையில ஒரு கார் இருந்தா?"

கண்ணாடிக்காரர் பூதக்கண்ணாடியைக் கழற்றினார். "அப்படி ஒரு கார் இந்த உலகத்துல கிடையாது. காப்பாத்த மனசில்லாத ஆளுதான் உண்டு."

"கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க. எழுதிக்கறேன்."

அவர் மெதுவாகச் சொன்னார். கமா, முற்றுப்புள்ளி எல்லாம் சேர்த்துச் சொன்னார். கடைசியில் இவளுக்கும் கலை புரிந்துவிட்டது என்று அந்த வாரம் முழுக்க மிதந்துகொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சின்னக்கார் பிரியர் சங்கத்தின் மாதக் கூட்டம் அவர் வீட்டில். அவரையும் சேர்த்து ஏழே உறுப்பினர்கள். தலைவர் ஒரு பல் டாக்டர். பகலில் பல்லைக் குடைவார், சாயங்காலம் காரைக் குடைவார். காரிடம் அவருக்குப் பிடித்தது, வாயைத் திறக்கச் சொல்ல வேண்டியதில்லை என்பது. இன்னொருவர் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர்.

டீ முடிந்ததும் கண்ணாடிக்காரர் மனைவி முன்னால் வந்தாள். தன் கணவரின் தொழில் அனுபவத்தை நான்கு பக்கத்துக்குத் தட்டச்சு செய்திருப்பதாகவும், சங்கம் அனுமதித்தால் படிப்பதாகவும் சொன்னாள். ஆளுக்கு ஒரு பிரதியும் கொடுத்தாள். அவள் படிக்க ஆரம்பித்தாள். "காப்பாற்ற மனசில்லாத ஆள்தான் உண்டு" என்ற இடம் வந்தபோது பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணாடிக்காரருக்கே தன் மேல் மரியாதை கூடிவிட்டது.

"எந்தக் காரை மனசுல வெச்சுக்கிட்டு சார் இதைச் சொன்னீங்க?" என்று தலைவர் கேட்டார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி, "கொட்டகையில இருக்கு, வாங்க சார்" என்று நடந்துவிட்டாள்.

ஏழு பேரும் பின்னால் போனார்கள். மேலே மூடியிருந்த துணியை அவள் இழுத்தாள். தூசி அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"இது என்ன அளவு?" என்றார் ஒருவர்.

"ஒண்ணுக்கு ஒண்ணு" என்றாள் அவள். "எல்லாப் பாகமும் ஒரிஜினல். வெளியில ஓடின வண்டி. பூனை மட்டும் புதுசு."

சங்கத்தில் அந்த அளவைத் தொட்டவர் இதுவரை யாரும் இல்லை. பல் டாக்டர் காரை ஒரு சுற்று சுற்றிவந்து, கடைவாய்ப் பல்லைப் பார்ப்பதுபோல் மட்கார்டுக்கு உள்ளே குனிந்து பார்த்தார். துரு அடித்தட்டில்தான் கொஞ்சம் இருக்கிறது, மற்றபடி கெட்டியாக இருக்கிறது என்றார். கண்ணாடிக்காரர் தொண்டையைச் செருமினார். இது அந்த மாதிரி இல்லை, உதிரிபாகம் கிடைப்பது கஷ்டம், துருவும் அதிகம் என்று இழுத்தார். ஆறு பேரும் ஒரே நேரத்தில் கையிலிருந்த தாளைக் குனிந்து பார்த்தார்கள். இரண்டாம் பக்கம், மேலிருந்து மூன்றாவது வரி. சோம்பேறி என்ற சொல் தெளிவாக விழுந்திருந்தது.

"சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்" என்றார் கண்ணாடிக்காரர்.

இன்ஜினைத் தான் பார்த்துக்கொள்வதாக டிப்போ மெக்கானிக் சொன்னார். மற்றதெல்லாம் கண்ணாடிக்காரர் பொறுப்பு, மூன்று மாதத்தில் சங்கம் வந்து பார்வையிடும் என்று தலைவர் அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள்.

முதல் ஞாயிறு முழுக்க அவர் காது குடையும் பஞ்சுக் குச்சியால் ஒரு கதவுக் கைப்பிடியைச் சுத்தம் செய்தார். சாயங்காலம் மனைவி வந்து பார்த்துவிட்டு, ஒரு வாளியும் தேங்காய் நார்க் கொத்தும் வைத்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம் வேலை நகர்ந்தது. உப்புத்தாள் கட்டுக் கட்டாகக் கரைந்தது. பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை, முதுகுக்குத் தைலம் தேவைப்பட்டது. தினமும் சாயங்காலம் மனைவி ஒரு மணி நேரம் வாக்கிங் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். உடம்புக்கு நல்லதுதானே என்று அவரும் விட்டுவிட்டார்.

முணுமுணுத்துக்கொண்டு ஆரம்பித்தவர், இரண்டாவது மாதம் முணுமுணுக்க மறந்துவிட்டார். அடிப்பக்கத் துருவைச் சுரண்டியபோது உள்ளே நிஜமாகவே நல்ல இரும்பு இருந்தது. கட்டுரையில் சொன்னது உண்மை என்று தெரிந்து அவரே ஆச்சரியப்பட்டார். ஒரு சாயங்காலம் மெக்கானிக் சாவியைத் திருப்பினார். கார் ஒரு தடவை இருமிவிட்டுச் சீராக உறும ஆரம்பித்தது. கண்ணாடிக்காரர் பானெட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றார். உள்ளங்கை அதிர்ந்தது. வீட்டிலிருக்கும் இருநூற்றுப் பதின்மூன்றில் ஒன்றுகூட அவருக்கு அப்படிப் பதில் சொன்னதில்லை.

சங்கம் வந்து பார்த்துப் பாராட்டிவிட்டுப் போன மறுநாள் காலை, அவர் மென்துணியால் கடைசியாக ஒரு துடைப்பு துடைத்துக்கொண்டிருந்தார். இதை இனி யாரும் தொடக் கூடாது, கொட்டகைக்கு முன்னால் கண்ணாடிக் கதவு போட்டு இதையே கண்காட்சியாக வைத்துவிடலாம் என்று ஒரு புது யோசனை மனதில் ஓடியது. அப்போது மனைவி கைப்பையோடு வந்தாள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தாள். உட்கார்ந்தாள். சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் திருப்பி வைத்தாள்.

"ஏறுங்க. கடையில இறக்கி விட்டுட்டுப் போறேன்."

கண்ணாடிக்காரர் துணியும் கையுமாக நின்றார். அவள் பையிலிருந்து லைசென்ஸை எடுத்துக் காட்டினாள். புகைப்படத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் மறுபக்கம் போய் ஏறிக்கொண்டார்.

தெருமுனை வரைக்கும் தன் காலடியில் இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தார். அப்புறம் கால் தளர்ந்தது. அவள் நன்றாகவே ஓட்டினாள். அவர் தேய்த்த பானெட்டில் வெயில் வழுக்கிக்கொண்டு போனது. அவளைப் பார்க்கப் பார்க்க அவருக்குள் ஏதோ உறுத்தியது. சிக்னலில் வண்டி நின்றபோது மனசு தாங்காமல் சொல்லிவிட்டார்.

"உன்கிட்ட ஒண்ணு ஒத்துக்கணும். அன்னிக்கு இதை எடைக்குப் போடலாம்னு சொன்னேனே, கார் மோசமா இருந்ததுனால இல்ல. எனக்குக் கொட்டகை வேண்டியிருந்துச்சு."

"தெரியும்" என்றாள் அவள், சிக்னலைப் பார்த்தபடி. "அதுக்கு முதல் நாள் சனிக்கிழமை உங்க சட்டையைத் துவைக்கப் போடும்போது பையில காகிதம் இருந்துச்சு. மூணு சுவருக்கும் அலமாரி வரைஞ்சு, நடுவுல மேஜை போட்டிருந்தீங்க. அளவெல்லாம் சரியா இருந்துச்சு."

அவர் விழித்தார். "அப்ப ஞாயித்துக்கிழமை நான் பேச வரும்போதே உனக்கு…"

பச்சை விழுந்தது. அவள் கியரைப் போட்டாள்.

"நீங்க பேச வரும்போது நான் டிரைவிங் ஸ்கூல்ல முதல் பாடம் முடிச்சுட்டு வந்திருந்தேன்."